எனக்காகக் கட்டிய சாய்தளம்

என் இடது கையில் பெருவிரல் மட்டும்தான் உண்டு. மற்ற நான்கும் பிறக்கும்போதே வரவில்லை. அம்மா இதை ஒரு குறை என்று ஒருநாளும் சொன்னதில்லை, பிறரைச் சொல்லவிட்டதும் இல்லை. மட்டாஞ்சேரிப் பக்கம் கொச்சங்காடியில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் அம்மாவுக்குச் சுக்கும் மிளகும் தரம் பிரிக்கிற வேலை. கூட வேலை செய்கிற பெண்கள் யாராவது என்னைப் பார்த்து, "கஷ்டம், பெண்குட்டியாச்சே" என்று ஆரம்பித்தால் போதும். "உன் பத்து விரலும் சேந்து ஒரு முறம் சுக்கு பொறுக்க எவ்ளோ நேரம் எடுக்குதுன்னு பாரு முதல்ல" என்று அவர்கள் வாயை அடைத்துவிடுவாள்.

இப்படிப்பட்டவளிடம் வளர்ந்ததால் எனக்கு எல்லாம் வந்துவிட்டது. தலை பின்னுவேன். தேங்காய் துருவுவேன். சைக்கிள் ஓட்டுவேன். படகில் அக்கரைக்குப் போய், பிராட்வேயில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தபோது, விரித்துப் போட்ட சேலைகளை மற்ற பெண்களைவிட வேகமாக மடித்து அடுக்கினேன். அதனால் என் இருபத்தெட்டாவது வயதில், எனக்கு ஊனம் உண்டு என்று ஒரு சான்றிதழ் தேவைப்பட்டபோது, அதைப் பெறுவதற்குப் பெரிய தடையாக இருந்தது அம்மாதான்.

யோசனை அப்பாவுடையது. மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அரசாங்கத்தின் மேல் அவருக்கு அளவில்லாத நம்பிக்கை. "சட்டம் இருக்கு மோளே. அரசு வேலையில நூத்துக்கு நாலு இடம் உன்ன மாதிரி ஆளுங்களுக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கு. அந்த நாலுல ஒண்ணு உனக்குக் கிடைச்சா என்ன?" என்றார்.

"உன்ன மாதிரின்னா எந்த மாதிரி?" என்று அம்மா அடுக்களையிலிருந்து கேட்டாள்.

அப்பா செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்.

அந்த இடத்துக்குப் போட்டியிட வேண்டுமென்றால், ஊனம் நாற்பது சதவீதமாவது இருக்கிறது என்று அரசு ஆஸ்பத்திரியின் மருத்துவக் குழு எழுதித் தர வேண்டும். தனியாகப் போகிறேன் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், வேலைக்கு விடுப்புப் போட்டு அம்மாவும் கிளம்பினாள். பக்கத்து வீட்டில் கேட்டதற்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று சொன்னாள்.

நீளமான வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். ஊழியர் ஒருவர் வந்து, "பின்னசேஷிக்காரங்க எல்லாம் இந்தப் பக்கம்" என்றார். மாற்றுத்திறனாளி என்பதற்கு மலையாளத்தில் அதுதான் சொல். ஆனால் ‘பின்னெ’ என்றால் மலையாளத்தில் ‘அப்புறம்’. வாழ்நாள் முழுக்க மட்டாஞ்சேரியிலேயே இருந்தும் அம்மாவுக்கு அது அப்படித்தான் காதில் விழுந்தது. "நம்மள அப்புறமா கூப்பிடுவாங்களாம்" என்று சொல்லி, இருந்த இடத்தை விட்டு நகர மறுத்துவிட்டாள். அதைப் புரியவைப்பதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது.

உள்ளே மூன்று மருத்துவர்கள். நடுவில் இருந்தவர் களைத்துப்போயிருந்தார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேள்விகளை ஆரம்பித்தார். அவர்கள் பேசியது மலையாளம். இங்கே எங்கள் வீட்டுத் தமிழில் தருகிறேன்.

"தலை பின்னிக்க முடியுமா?"

நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "அவளா? ரெட்டைப் பின்னலே போடுவா சாரே."

"பட்டன் போட?"

"கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள."

மேசைக்குக் கீழே அம்மாவின் காலை மிதித்தேன். அவள் காலை நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

"பாத்திரம் தூக்க, தேங்காய் துருவ?"

"எங்க தெருவுல அவள மாதிரி துருவ ஆளே இல்ல. பூ மாதிரி விழும்."

மருத்துவர் பேனாவை மூடினார். அவர் எழுத வேண்டிய கட்டங்கள் எல்லாம் காலியாக இருந்தன. "அம்மா," என்றார் பொறுமையாக, "இவங்களுக்கு என்னதான் செய்ய வராது? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

அம்மா முதல்முறையாகத் திணறினாள். என் முகத்தைப் பார்த்தாள். மேலே சுற்றிய விசிறியைப் பார்த்தாள். ஏதோ நல்லது நடக்க வேண்டுமென்றால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று அவளுக்கும் புரிந்திருந்தது. கடைசியில், "கோபத்த அடக்க வராது சாரே" என்றாள்.

மூவரும் சிரித்துவிட்டார்கள். ஓரத்தில் இருந்த பெண் மருத்துவர் எழுந்து வந்து, பிடியின் பலம் காட்டுகிற முள் வைத்த ஒரு கருவியை என் இடது கையில் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பெருவிரலாலும் உள்ளங்கையாலும் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். முள் அசையவில்லை. மறுபடி அழுத்தச் சொன்னார். அப்போதும் அசையவில்லை.

"காலையில ஒண்ணும் சாப்பிடல, அதான்" என்றாள் அம்மா.

சான்றிதழ் கிடைத்தது. நாற்பதைத் தாண்டியே இருந்தது. திரும்பி வரும்போது படகில் அம்மா தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். படகுத்துறையில் இறங்கி நடக்கும்போதுதான், "அந்த மெஷின் கேடா இருக்கும்" என்றாள். இருபத்தெட்டு வருடம் ஊரோடு சண்டை போட்டு அவள் நிலைநாட்டிய ஒன்றை அரசு முத்திரை போட்டு இல்லையென்று எழுதிக் கொடுத்திருக்கிறது. அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு சந்தோஷமாக நடந்த எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் குத்தத்தான் செய்தது.

பிறகு தேர்வு எழுதினேன். வரிசைப் பட்டியலில் பெயர் வந்தது. எந்தெந்தப் பதவிக்கு எந்தெந்த உடல் செயல்பாடு தேவை என்று அரசு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. எழுத்தர் வேலைக்கு உட்காருதல், பார்த்தல், படித்தல், எழுதுதல் என்று போட்டிருந்தது. உட்காருதலில் எனக்கு அவ்வளவாக அனுபவம் இல்லை, துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுதான் பழக்கம். போகப் போகக் கற்றுக்கொள்ளலாம் என்று அப்பா தைரியம் சொன்னார்.

எனக்குக் கிடைத்த அலுவலகம் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு பழைய கிட்டங்கிக் கட்டடத்தில் இருந்தது. எந்தத் துறை என்று சொல்லமாட்டேன். வீடு, நிலம் சம்பந்தமான சான்றுகளுக்கு ஜனங்கள் வந்து நிற்கிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவிலிருந்து ஐந்து படி ஏறினால் வாசல். எதிரே ஒரு சுக்கு வியாபாரியின் கிட்டங்கி. அங்கே எப்போதும் கைவண்டிகளில் மூட்டைகள் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கும்.

ஜூன் மாத மழையில், ஒன்பதே முக்காலுக்கு நான் அந்தப் படியேறினேன். வலது கையில் குடை. இடது கை வழக்கம்போல் துப்பட்டாவுக்குள். வாசலில் ஏழெட்டுப் பேர் திரண்டிருந்தார்கள். ஒருவர் கையில் பூங்கொத்து. மூலையில் ஒரு சக்கர நாற்காலி. படிகளுக்குப் பக்கத்தில் பளபளவென்று மின்னும் ஓடுகள் பதித்த ஒரு சாய்தளம், சிமெண்டு வாசனைகூடப் போகாமல். அதன் உச்சியில் மழைக்கு ஒதுங்கிய ஒரு ஆடு படுத்திருந்தது.

ஐம்பதைத் தாண்டிய, ஒல்லியான மனிதர் ஒருவர் என்னைத் தடுத்தார். அவர்தான் அலுவலகத் தலைவரான சூப்பிரண்டு. "எந்தா வேணும்?"

"சார், நான் இங்க..."

"மதியத்துக்கு அப்புறம் வாங்க. இன்னைக்கு நம்ம ஆபீசுக்கு பின்னசேஷியான ஒரு பெண்குட்டி புதுசா வேலைக்கு வருது. பாவம், முதல் நாள். எல்லாரும் வாசல்ல நிக்கறோம். கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க, வண்டி வர்ற வழி."

நான் ஒதுங்கி நின்றேன். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். முதலில் கூச்சம். பிறகு, உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், ஆசை. நம்மைப் பற்றி நாம் வருவதற்கு முன்னால் பேசுவதைக் கேட்கிற வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

பூங்கொத்து வைத்திருந்தவர் அலுவலக உதவியாளர், எல்லோருக்கும் சேச்சி, நம் அக்கா மாதிரி. சேலை முந்தானையைச் சரிசெய்ய வேண்டியிருந்ததால், "இத ஒரு நிமிஷம் பிடி மோளே" என்று பூங்கொத்தை என்னிடமே கொடுத்துவிட்டார்.

"ரெண்டு காலும் இல்லையாம்" என்றார் ஒரு எழுத்தர்.

"யார் சொன்னா?"

"கால் இருந்தா ராம்பு கட்டச் சொல்லி எதுக்கு மேலருந்து லெட்டர் வரும்?"

"பாத்ரூம் மாடியில இருக்கே. அது எப்படிப் போகும்?" என்று சேச்சி கவலைப்பட்டார். எல்லோரும் மாடிப்படியை ஒருமுறை பார்த்துவிட்டுத் தெருவைப் பார்த்தார்கள்.

"கஷ்டமான வேலை எதுவும் கொடுக்கக் கூடாது" என்றார் சூப்பிரண்டு. "சும்மா இருந்தாப் போதும்."

அரை மணி நேரம் ஆயிற்று. சூப்பிரண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்து, "முதல் நாளே லேட்டா? கோட்டாவுல வந்தா இதான்" என்று முணுமுணுத்தார்.

அம்மா ஆஸ்பத்திரியில் சொன்னது சரிதான். எனக்கு அடக்க வரவில்லை. "நான் லேட் இல்ல சார். ஒம்பதே முக்காலுக்கே வந்துட்டேன்" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். சூப்பிரண்டு முதலில் என் கால்களைப் பார்த்தார். இரண்டு இருந்தன. மெதுவாகப் பார்வையை மேலே கொண்டுவந்தார். துப்பட்டா விலகி இடது கை தெரிந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது... இது மட்டும்தானா?" என்றார். அவர் குரலில் இருந்தது ஏமாற்றம் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

"இது மட்டும்தான் சார்" என்றேன், மன்னிப்புக் கேட்கிற தொனியில்.

சேச்சி என் கையிலிருந்த பூங்கொத்தை வாங்கிச் சூப்பிரண்டிடம் கொடுத்தார். சூப்பிரண்டு அதை என்னிடம் கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். ஆனால் பிரச்சினை அதோடு தீரவில்லை. சாய்தளம் பயன்பாட்டில் இருப்பதற்குப் புகைப்படம் எடுத்து மேலே அனுப்ப வேண்டுமாம். "ஒரே ஒரு தடவை கீழ இறங்கி, ராம்பு வழியா ஏறி வர முடியுமா?" என்று சூப்பிரண்டு தயங்கித் தயங்கிக் கேட்டார். பாவமாக இருந்தது. இறங்கினேன். புதுச் செருப்பு, நனைந்த ஓடு. நாலாவது எட்டில் வழுக்கி முழங்கால் அடிபட உட்கார்ந்துவிட்டேன். நல்லபடியாக வேலைக்கு வந்த என்னை நிஜமாகவே நொண்டியாக்கிவிடப் பார்த்தது அந்தச் சாய்தளம். படத்தில் நான் தரையில் உட்கார்ந்திருக்கிறேன், கையில் பூங்கொத்து, பின்னால் ஆடு. அதைத்தான் அனுப்பினார்களா என்று தெரியவில்லை.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் சங்கடம். முதல் வாரம் முழுக்க எனக்கு வேலையே தரவில்லை. மதியம் சேச்சி தன் நாற்காலியை என் பக்கத்தில் போட்டுக்கொண்டு எனக்குச் சோறு பிசைந்து தந்தார். என் வலது கைக்கு ஒரு கேடும் இல்லை, அதில்தான் சாப்பிடுகிறேன் என்றதும் பிசைவதை விட்டார். ஆனால் வாழைப்பழம் உரித்துத் தருவதை மட்டும் விடவே இல்லை.

இரண்டாவது வாரம் நானே போய்ச் சூப்பிரண்டிடம் வேலை கேட்டேன். அவர் ரொம்ப யோசித்துப் பழைய கோப்புகள் அறையை எனக்குக் கொடுத்தார். அமைதியான இடம், யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள் என்பது அவர் எண்ணம். புதிய காரியங்கள் எல்லாம் கணினிக்குப் போய்விட்டாலும், பழைய கோப்புகள் நாடா போட்டுக் கட்டித்தான் கிடந்தன. ஒரு நாளைக்கு அறுபது எழுபது கோப்பு. ஒவ்வொன்றிலும் யாரோ பலசாலி போட்ட முடிச்சு. பூ மாதிரி தேங்காய் துருவத் தெரிந்த எனக்கு, இந்த முடிச்சுக்கு முன்னால் ஒன்றும் செய்ய வரவில்லை. ஒரு கையால் அழுத்தி மறு கையின் விரல்களால் பிரிக்க வேண்டிய வேலை அது.

பல்லால் அவிழ்த்தேன். கதவைப் பாதி சாத்திவிட்டு, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து. நாடாவில் பூச்சி உருண்டை வாசனையும் எந்தக் காலத்துத் தூசியும் சேர்ந்து ஒரு ருசி இருக்கும். சில மாதங்களில், முடிச்சைக் கடித்த உடனே அது எந்த அலமாரிக் கோப்பு என்று சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டேன். முன்பல் ஒன்று ஆட ஆரம்பித்தது. பல் மருத்துவர் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது, முறுக்கு என்றேன்.

யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லும் பேச்சே இல்லை. "வேலை எப்படி?" என்றால் "சுகம்" என்பேன்.

வேலைக்குச் சேர்ந்து ஏறக்குறைய ஒரு வருடம் ஆனபோது, ஒரு கடிதம் வந்தது. சட்டப்படி வசதிகள் செய்திருக்கிறதா என்று அலுவலகங்களைப் பார்வையிட ஒரு அதிகாரி வருகிறார். சூப்பிரண்டுக்கு ஒரே மகிழ்ச்சி. பக்கத்து அலுவலகங்கள் எதிலும் சாய்தளம் கிடையாது. எங்களிடம் சாய்தளமும் உண்டு, கோட்டாவில் வந்த ஊழியரும் உண்டு. "அன்னைக்கு மட்டும் படியேறாத, கேட்டியா? ராம்பு வழியாவே போ, வா" என்று என்னிடம் வேண்டிக்கொண்டார். ஓடுகளைக் கழுவித் துடைத்து, இரண்டு பக்கமும் பூந்தொட்டி வைத்தார்கள்.

பதினோரு மணிக்கு, லேசான தூறலில் கார் வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி, பின்பக்கத்திலிருந்து ஒரு சக்கர நாற்காலியை எடுத்து விரித்தார். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், இரண்டு கைகளையும் ஊன்றித் தன்னை நாற்காலிக்கு மாற்றிக்கொண்டு, சேலையைச் சரிசெய்து நிமிர்ந்தார். அவர்தான் அதிகாரி. வாசலில் நின்ற நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சாய்தளத்தைப் பார்த்தோம். முதல்முறையாக அது எவ்வளவு செங்குத்து என்று எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

அவர் கீழே நின்று அதை அண்ணாந்து பார்த்தார். "இது என்ன?"

"ராம்பு மேடம்" என்றார் சூப்பிரண்டு.

"யாருக்கு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இவங்களுக்கா? இவங்களுக்குக் கால் இருக்கே."

அதிகாரி மடியிலிருந்த பையைத் திறந்து அளவு நாடாவையும், கொத்தனார்கள் தரை மட்டம் பார்க்க வைத்திருக்கும் ரசமட்டத்தையும் வெளியே எடுத்தார். ஓட்டுநர் அளந்தார். "ஒரு அடி உயரத்துக்குப் பன்னண்டு அடி நீளம் வேணும் சார். உங்க படி ரெண்டரை அடி. அப்ப முப்பது அடி. இது எவ்ளோ?" என்று அதிகாரி கேட்டார்.

"ஒம்பது" என்றார் ஓட்டுநர்.

"இதுக்குப் பேரு ராம்பு இல்ல. சறுக்குமரம்."

"முன்னால ஓடை இருக்கு மேடம், அதுக்கு மேல இடமில்ல. ரெண்டு பேர் தள்ளினா தாராளமா ஏறும்."

"அப்படியா?" என்றார் அவர், ரொம்ப மரியாதையாக. "அப்ப நீங்க ஒருக்கா உக்காந்து காட்டுங்க."

எனக்காக வாங்கி வைத்த அந்தச் சக்கர நாற்காலி ஒரு வருடமாகக் கோப்பு மூட்டை இழுக்கத்தான் பயன்பட்டது. அதைக் கொண்டுவந்து கீழே வைத்தோம். சூப்பிரண்டு குடையோடு உட்கார்ந்தார். சேச்சி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தள்ளினோம். முதல் நாலடி ஏறியது. சூப்பிரண்டு வெற்றியோடு திரும்பி அதிகாரியைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து, வழக்கம்போல் உச்சியில் படுத்திருந்த ஆடு எழுந்து சோம்பல் முறித்துக் கீழே இறங்க ஆரம்பித்தது. இந்த வழியில் ஏறி இறங்க அதற்கு மட்டும் ஒரு சிரமமும் இருந்ததில்லை. நாங்கள் நின்றோம். சேச்சியின் செருப்பு வழுக்கியது. "எண்டம்மே" என்று கையை விட்டுவிட்டார். நான் விடவில்லை. வலது கையால் பிடித்துக்கொண்டேன், இடது கைப் பெருவிரலையும் கம்பியில் கோத்துக்கொண்டேன். பயன் என்னவென்றால், நாற்காலியோடு நானும் சேர்ந்து போனேன்.

பூந்தொட்டியைத் தள்ளிக்கொண்டு, தெருவைக் கடந்து, எதிர்க் கிட்டங்கி வாசலில் கைவண்டியில் அடுக்கியிருந்த சுக்கு மூட்டைகளில் மோதி நின்றோம். ஒருவருக்கும் அடி இல்லை. மேல் மூட்டை ஒன்று மட்டும் பிரிந்து சூப்பிரண்டின் தலையில் கொட்டியது. அவர் குடையைச் செங்குத்தாகப் பிடித்தபடி, நிமிர்ந்து உட்கார்ந்து, எட்டுத் தடவை தும்மினார்.

அதிகாரி சிரிக்கவில்லை. ஓட்டுநரிடம், "எழுதிக்கோ. அலுவலகத் தலைவர் நேரில் பயன்படுத்திப் பார்த்தார்" என்றார்.

உள்ளே போக வழியில்லாததால் பார்வையிடல் தெருவிலேயே நடந்தது. கிட்டங்கியின் தகரக் கூரைக்கு அடியில் மேசை போட்டோம். சேச்சி சாயா வாங்கி வந்தார். அதிகாரி ஒவ்வொரு கோப்பாகக் கேட்டார், ஒவ்வொன்றாக நான் படியேறி எடுத்து வந்தேன். என் நியமனக் கோப்பைக் கேட்டபோது அதையும் கொண்டுவந்தேன். மற்றவர்கள் எல்லாம் சூப்பிரண்டின் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். பழக்க தோஷத்தில், கோப்பைத் தூக்கி, முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தேன்.

இழுத்தபிறகுதான் எல்லோரும் என்னையே பார்ப்பதைக் கவனித்தேன்.

"எவ்ளோ நாளா இப்படி?" என்றார் அதிகாரி.

வாயிலிருந்து நாடாவை எடுத்தேன். "சேந்ததுலருந்து."

"உங்களுக்கு வேலை செய்ய என்ன வேணும்?"

"எனக்கு எல்லாம் செய்ய வரும் மேடம்."

"அத நான் கேக்கல." அவர் சாயாக் கோப்பையை மேசையில் வைத்தார். "எனக்கும்தான் எல்லாம் வரும். படி ஏற வராது. சொல்லிட்டேன், என்ன குறைஞ்சு போச்சு?"

எனக்குக் கோபம் வந்தது. ஏனென்று தெரியவில்லை, கண்ணும் கலங்கியது. பதில் சொல்ல வந்தவர் சூப்பிரண்டு. தலைமுடியெல்லாம் சுக்குத்தூள். "நான் ஒருநாளும் கேக்கல மேடம். கேட்டா அந்தக் குட்டிக்கு மனசு நோகும்னு நெனச்சேன்" என்றார்.

"நானும் சொல்லல சார்" என்றேன். "சொன்னா, கோட்டாவுல வந்தவளுக்கு ஒரு முடிச்சுகூட அவுக்க வராதான்னு நீங்க நெனப்பீங்கன்னு."

அவர் தலை குனிந்தார். முதல் நாள் சொன்னது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். சேச்சி இடையில் புகுந்தார். "அப்ப நான் தினமும் பழம் உரிச்சுக் கொடுத்தது?"

"அது வேண்டியதே இல்ல சேச்சி. ஆனா, நல்லா இருந்துச்சு. நிறுத்த வேண்டாம்."

அன்றைக்குத் தெருவில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு வராததை வரிசையாகச் சொன்னேன். நாடா வேண்டாம், பட்டை ரப்பர் போட்ட அட்டை வேண்டும். தாளை நகராமல் பிடிக்கிற கிளிப் பலகை ஒன்று வேண்டும். அலமாரியின் மேல்தட்டுக் கோப்புகளை எடுக்க ஒரு சின்ன ஏணி. சொல்லச் சொல்ல இன்னும் இன்னும் வந்தது. கடைசியில் மின்விசிறி சத்தம் போடுவதையும் சொன்னேன். "அது உங்க கையோட சம்பந்தப்பட்டது இல்ல" என்று அதிகாரி அதை மட்டும் அடித்துவிட்டார். மாடியில் கழிவறை இருப்பதைச் சேச்சி சொன்னார். அதிகாரி அதை அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டார்.

நான் கேட்டவை எல்லாம் ஒரே வாரத்தில் வந்தன. சாய்தளத்துக்கு ஏழு மாதம் ஆயிற்று. பழையதை இடித்து, கட்டடத்தின் பக்கச் சுவரை ஒட்டி ஒரு திருப்பம் வைத்து முப்பது அடிக்குக் கட்டினார்கள், சொரசொரப்பான தரையோடு, கைப்பிடியோடு. சூப்பிரண்டு ஸ்கூட்டர் நிறுத்துகிற இடம் அதில் போய்விட்டது. அவர் மறுப்பே சொல்லவில்லை. தினமும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, கொத்தனாரைத் தூங்கவிடாமல் செய்தார். கீழ்த்தளக் கழிவறை இன்னும் வரவில்லை. வரும் என்கிறார்கள்.

புதிய பாதை திறந்து இரண்டாவது வாரம், ஒரு சுமட்டுத் தொழிலாளி அதில் ஏறி வந்தார். துறைமுகத்துப் பக்கம் மூட்டை தூக்கியவர், விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. வீட்டுப் பத்திரத்தில் அவர் பெயரோடு சேர்கிற வீட்டுப்பெயரை நாங்கள் தப்பாக எழுதிவிட்டு, மூன்று வருடமாக அவர் மகளை இன்று வா, நாளை வா என்று அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம். அவள் பயந்த சுபாவம், ஒன்றும் பேசாமல் திரும்பிவிடுவாள். இப்போது அவரே சக்கரங்களைத் தள்ளிக்கொண்டு, மூச்சிரைக்காமல், கவுண்டர் வரை வந்து நின்றார். வந்து முதலில் செய்த காரியம் எங்களைத் திட்டியது. துறைமுகத்துக்காரர்களின் வசவு எப்படி இருக்கும் என்று மட்டாஞ்சேரியில் எல்லோருக்கும் தெரியும். எழுத்தர்கள் கணினிக்குப் பின்னால் ஒளிந்தார்கள். அறைக்குள்ளிருந்து சூப்பிரண்டு ஓடி வந்தார். இப்படி ஒரு ஆள் இந்தக் கட்டடத்துக்குள் நின்று சத்தம் போடுவதை அவர் ஏதோ பரிசு வாங்குகிறவர் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். வந்தவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது, சூப்பிரண்டு பரபரப்பில், "சேட்டன் முதல்ல உக்காருங்க" என்றார்.

"கண்ணு தெரியலையா சாரே? நான் உக்காந்துட்டுத்தான் இருக்கேன்."

சூப்பிரண்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் அந்தக் கோப்பைத் தேடி எடுத்து, ரப்பரை ஒரு விரலால் தள்ளித் திறந்தேன். தப்பு எங்களுடையதுதான், நாலே எழுத்து. அன்று மாலைக்குள் திருத்திக் கொடுத்தோம். அவர் வாங்கி, இரண்டு முறை படித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இறங்குகிற வழியில் கைப்பிடி கொஞ்சம் உயரமாகிவிட்டது என்று ஒரு குறை சொல்லிவிட்டுப் போனார். சூப்பிரண்டு உடனே அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் இறங்கினார்.